ரிவால்வருக்குக் கொசுறு கேட்டவர்

கடைக்காரர்களை நடுங்க வைக்க அரிவாள் வேண்டும், அடியாள் வேண்டும் என்று நினைப்பவர்கள் 'சொன்ன விலை' சாரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒல்லியான உடம்பு, தோளில் நீலக் கட்டம் போட்ட துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தக் கோலத்தில் அவர் பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வியாபாரிகளுக்கு வியர்க்கும். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அவர் பேரம் பேச மாட்டார்.

பேரம் பேசாதவரைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? வியாபாரம் செய்து பார்த்தால் தெரியும். கடைக்காரர் இரண்டு மடங்கு சொல்வார், நாம் பாதிக்குக் கேட்போம், அவர் நெஞ்சில் கை வைப்பார், நாம் போவது போல் நாலடி நடப்போம், அவர் கூப்பிடுவார். இப்படி ஒரு நாட்டியத்துக்குப் பழகிய மனுஷன் முன்னால் சார் வந்து நிற்பார். பொருளைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் பார்ப்பார். பிறகு மெல்லிய குரலில் கேட்பார்.

"எவ்ளோ? நான் ஒரு தடவைதான் கேப்பேன்."

சொன்ன விலை நியாயமாகப் பட்டால் மறு பேச்சில்லாமல் பணம் கொடுப்பார். படாவிட்டால் பொருளை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிட்டு நடந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஜென்மத்தில் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். 'சார் விட்டுப்போன கடை' என்று பெயர் வாங்கிய ஒரு செருப்புக் கடை இருந்தது. ஒன்றரை ரூபாய்க்கு ஆசைப்பட்டு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார் அதன் முதலாளி. பதினோரு வருஷம் கழித்தும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார்.

இதைவிடப் பரிதாபம், அவரிடம் விற்றவர்கள் நிலை. கேட்டதும் கொடுத்துவிட்டாரே, குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. குடைக் கடைக்காரர் ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். "சார், ஒரு அஞ்சு ரூபாயாவது கொறைச்சுக் கேட்டுட்டுப் போங்க சார். வித்த மாதிரியே இல்ல" என்று கெஞ்சினார்.

ஆட்டோக்காரர் கதை எங்கள் ஆஸ்டின் டவுன் முழுக்கப் பிரசித்தம். மழை நாள். பஸ் ஸ்டாண்டில் சார் கேட்டிருக்கிறார். ஆட்டோக்காரர் மழையைப் பார்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். சார் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவும் கூடவே ஊர்ந்தது. "நாப்பது குடுங்க... சரி முப்பது... சரி, மீட்டர்ல என்ன வருதோ... சார், சும்மாவே ஏறுங்க சார், நனையறீங்க." சார் திரும்பவில்லை. சிவாஜிநகரிலிருந்து ஆஸ்டின் டவுன்வரை அவர் நனைந்துகொண்டே நடக்க, காலி ஆட்டோ ஒன்று அவருக்கு மெய்க்காப்பாளர் மாதிரி பக்கத்திலேயே வந்து வீட்டு கேட்டில் விட்டுவிட்டுப் போனது.

கல்யாணம் ஆகாமல் போனதற்கும் இதுவே காரணம் என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடம், "பொண்ணுக்கு வயசு எவ்ளோ? நான் ஒரு தடவைதான் கேப்பேன்" என்றாராம். அந்த மனுஷன் நடுங்கிப் போய் நிஜ வயதைச் சொல்லிவிட்டார். தரகர் சொல்லி வைத்திருந்த வயது வேறு. பஜ்ஜி வருவதற்குள் சம்பந்தம் கலைந்துவிட்டது.

ஆனால் எங்கள் தெருவுக்கு அவர் ஒரு பொதுச் சொத்து. யார் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும், பழைய சைக்கிள் வாங்கினாலும், "சாரைக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். அவர் பக்கத்தில் நின்றால் போதும், கடைக்காரர் வாயிலிருந்து உண்மை தானாக விழும். கூலி, ஒரு காபி. சர்க்கரை கம்மி.

அவருக்கு என்ன வேலை என்பது சிவாஜிநகரில் யாருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியார் என்று நினைத்திருந்தார்கள். முகம் அப்படி. எங்கள் தெருவுக்கு மட்டும் தெரியும். கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் அவர் மெக்கானிக். குடகிலிருந்து காபித் தோட்டக்காரர்கள் பன்றி சுடும் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற இந்த மனுஷன் அவற்றைப் பிரித்து, எண்ணெய் போட்டு, பூட்டிக் கொடுப்பார்.

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பெரிய பெரிய கம்பெனிகள் பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில் எனக்கு ஹெப்பகோடிப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் சும்மா உட்கார முடியாத ஜாதி நான். பழம்பொருள்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் வாங்க ஆரம்பித்தேன். ஒரு முள் உள்ள கடிகாரம், பாடாத கிராமபோன், ஏதோ ராணுவத்தான் ஊதி ஊதி ஓட்டையான எக்காளம். அம்மா ஒருநாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல வேல செய்யற சாமான் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஸ்டவ்வு, இன்னொண்ணு நான்" என்றாள்.

அந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓனர் மகனுக்குக் கல்யாணம். பக்கத்துத் தெருவில் போகியத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. போகியம் பெங்களூரில் சகஜம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்ப வரும். அப்பா விட்டுப்போன பி.எஃப். பணமும் என் சேமிப்புமாகச் சேர்த்து எண்பதாயிரம் ரூபாயை அம்மா என்னை நம்பி என் பெயரில் பேங்கில் போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். திங்கள் தவறினால் அந்த வீடு வேறு ஆளுக்கு.

அதற்கு முந்தின புதன்கிழமைதான் நான் அந்த ரிவால்வரைப் பார்த்தேன்.

சிவாஜிநகரில் கோழிக் கடை ஒன்றின் பக்கத்தில், பழைய பங்களாக்களைக் காலி செய்து வரும் சாமான்களை விற்கும் ஒரு ஆள் இருந்தார். எல்லோரும் கேப்டன் என்பார்கள். எந்தப் படையிலும் இருந்தவரில்லை. பள்ளிக்கூடக் கபடி டீமுக்குக் கேப்டன். மீசை மட்டும் மூன்று போர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். நீல வெல்வெட் விரித்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு குண்டு போடும் இங்கிலீஷ் ரிவால்வர், நூறு வயது, மரப்பிடி. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நாப்பதாயிரம். ஹெவி பீஸ். துப்பாக்கியாச்சேன்னு பயப்படாதீங்க, உள்ள குண்டத் தட்டற ஊசிய எடுத்துட்டாங்க. சுடாது. லைசென்ஸ் கிய்சென்ஸ் ஒண்ணும் பேடா, வேணாம். ஷோகேஸ்ல வெச்சு அழகு பாக்க வேண்டியதுதான்" என்றார் கேப்டன்.

என் மூளை மின்னலாக வேலை செய்தது. ஆபீஸில் ஒரு மேனேஜர் பழைய ஆயுதங்கள் சேர்ப்பவர். அவரிடம் சொன்னேன். "கொண்டு வா, பாக்கலாம்" என்றார். எழுபதுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாக என் காதில் விழுந்தது. நாற்பதுக்கு வாங்கி, எழுபதுக்குத் தள்ளி, திங்கட்கிழமை வீட்டுக்கும் பணம் கட்டி, மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று தோன்றியது. மறுநாளே போய் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். கேப்டன் பில் போட்டு, அதன் அடியில் அச்சடித்திருந்ததைப் படித்தும் காட்டினார். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது. கடைக்காரர் பின்வாங்கினால் திருப்பித் தரப்படும். முதல் வாக்கியத்தின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடும் போட்டார்.

பாக்கி முப்பத்தைந்தாயிரத்தை எடுக்கப் போனபோதுதான் சந்தேகம் வந்தது. நாற்பது சரியான விலைதானா? உடனே சார் வீட்டுக்கு ஓடினேன்.

"ரிவால்வரா?" என்றார், காபி டம்ளரைக் கீழே வைத்து.

"சுடாது சார். ஊசி எடுத்துட்டாங்க."

"சுடாத துப்பாக்கிக்கு நாப்பதாயிரமா?"

"பழசு சார். இப்பல்லாம் பழசுக்குத்தான் வெல."

"அப்ப என்னையும் வித்துடு" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார். துணிப்பையையும் எடுத்துக்கொண்டார். ரிவால்வரைப் பார்த்துவிட்டு அப்படியே கத்தரிக்காயும் வாங்க வேண்டுமாம்.

சனிக்கிழமை மதியம் கேப்டன் கடைக்குள் நாங்கள் நுழைந்ததும் கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்க... சொன்ன வெல சார்தானே? உங்களப் பத்தி நெறையக் கேட்டிருக்கேன். ஒக்காருங்க, ஒக்காருங்க."

பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பீரோவைத் தனியாகத் தூக்குகிற உடம்பு. அவர்களும் மரியாதையாக நகர்ந்து வழிவிட்டார்கள். சார் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எவ்ளோ? நான் ஒரு தடவைதான் கேப்பேன்."

கேப்டனின் மீசை நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். "நாப்... முப்பத்தஞ்சு. இல்ல, முப்பது. முப்பது சார். எம் பசங்க மேல சத்தியமா அதுக்குக் கீழ ஒரு பைசா லாபமில்ல."

ஒரே மூச்சில் பத்தாயிரம் விழுந்துவிட்டது. எழுந்து நின்று கை தட்டலாமா என்றிருந்தது எனக்கு.

சார் ரிவால்வரைக் கையில் எடுத்தார். அவர் எடுத்த விதமே வேறு மாதிரி இருந்தது. முனை தரையைப் பார்த்தபடி, விரல் விசைக்கு வெளியே. ஒரு அழுத்து அழுத்தினார், துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்தது. உருளையைச் சுற்றினார், கடகடவென்று ஓடியது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் தடவினார். தடவிய விரல் அங்கேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு 'அடடா, எப்பேர்ப்பட்ட பொருள்' என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

சார் ரிவால்வரை மெதுவாக மேசையில் வைத்தார். முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் அவர் வாயிலிருந்து, சிவாஜிநகர் சரித்திரத்திலேயே வராத ஒரு வாக்கியம் வந்தது.

"கொஞ்சம் முத்தலா இருக்கே."

கேப்டன் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. "என்ன சார்?"

"முத்தல். நெறமும் வாடிப் போயிருக்கு. காத்தால வந்த சரக்கா இது?"

"சார், இது நூறு வருஷத்து சரக்கு."

"அதான் சொல்றேன். ஃப்ரெஷ்ஷா இல்ல. எரநூறு ரூபா போட்டுக்கோங்க."

எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் விளங்கியது. இத்தனை வருஷமும் சார் காதில் விழுந்த பேரமெல்லாம், காய்கறிக் கடையில் தன் முறைக்காகப் பையோடு நின்றபோது முன்னால் நின்ற அம்மாக்கள் பேசிய பேரம்தான். அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றே. அதையே இப்போது வரிசையாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"எரநூறு... ரூபாயா?" என்றார் கேப்டன்.

"பக்கத்துக் கடையில நூத்தி எம்பதுக்குத் தரான். பழகின கடையாச்சேன்னு இங்க வந்தேன்."

"பக்கத்துக் கடையில கோழி விக்கறாங்க சார்."

"கோழியாவது உயிரோட இருக்கு."

நான் தலையிட்டேன். "சார், முப்பதுன்னு அவரே எறங்கிட்டாரு சார். நல்ல வெல சார்." மேசைக்குக் கீழே என் காலில் ஒரு மிதி விழுந்தது. பாவம், காலை நீட்ட இடமில்லை போல என்று நினைத்து என் காலை மரியாதையாக மடக்கிக்கொண்டேன்.

"நீ சும்மா இரு தம்பி. உனக்கு வாங்கத் தெரியாது" என்றார் சார்.

கேப்டன் ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டார். சொன்ன விலை சாரே பேரம் பேசுகிறார் என்றால் பொருளில் ஏதோ குறை கண்டிருக்கிறார் என்று பயந்துவிட்டார். "சரி சார். உங்க மொகத்துக்காக. இருவத்தஞ்சு."

விலை இறங்கியதைக் கேட்டதும் சார் முகம் வெளிறியது. அப்படி ஆகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவசரமாகச் சொன்னார்: "நூத்தி எழுவத்தஞ்சு."

"இப்பதானே எரநூறுன்னீங்க?"

"நீங்க எறங்கினீங்க. நானும் எறங்கினேன்."

"இருவது" என்றார் கேப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நூத்தி அம்பது."

"சார், பேரம்னா நான் எறங்கினா நீங்க ஏறணும். எங்கயாவது நடுவுல வந்து நிக்கணும். ரெண்டு பேரும் எறங்கினா எங்க போய் முடியும்?"

"அது எனக்குத் தெரியாது. கொசுறு என்ன போடுவீங்க?"

"கொசுறா?"

"வாங்கறதுக்கு மேல ஒரு பிடி போடுவாங்கல்ல, அது. அந்தச் செவுத்துக் கடிகாரத்தப் போடுங்க. நான் ஒக்காந்திருக்கற நாற்காலியையும் போடுங்க, நல்லா இருக்கு. கறிவேப்பில இருந்தா ரெண்டு கொத்து."

பீரோ தூக்கும் இருவரில் ஒருவர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினார். கேப்டன் சிரிக்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் சாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இருபதாயிரம். நாற்பதாயிரத்துப் பொருள் இருபதாயிரத்துக்கு வந்து நிற்கிறது, இந்த மனுஷன் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"முழுசா வேணாம்" என்றார் சார். "பாதி போதும். வீட்ல நான் ஒரே ஆளு. பாதியா வெட்டித் தருவீங்களா?"

"வெட்டியா?"

"பூசணிக்காயெல்லாம் வெட்டித் தராங்களே."

கேப்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஆனாலும் வியாபாரி. பொறுமையைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து, "பதினஞ்சு. கடைசி. எடுக்கறதுன்னா எடுங்க" என்றார்.

சார் ஒரு நிமிஷம் திணறினார். கைவசம் இருந்த பேரமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது போல ரிவால்வரைக் கையில் எடுத்தார். குழாயின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார். வெண்டைக்காய் வாங்குகிற அம்மாக்கள் பிஞ்சா என்று பார்க்க நுனியை ஒடிப்பார்களே, அப்படி, ஒடித்துப் பார்த்தார்.

"ஒடிய மாட்டேங்குதே" என்றார். "முத்தல்தான்."

அவ்வளவுதான். கேப்டன் இழுப்பறையைத் திறந்து என் ஐயாயிரத்தை எடுத்து மேசைமேல் வீசினார். "ஹோக்ரீ. மொதல்ல எழுந்து வெளிய ஹோக்ரீ. ஒங்க அட்வான்சும் வேணாம், ஒங்க சகவாசமும் வேணாம். இனிமே இந்த ஜன்மத்துல ஒங்களுக்கு நான் எதுவும் விக்க மாட்டேன்."

சார் நோட்டுகளைப் பொறுக்கி அடுக்கி என் சட்டைப் பையில் திணித்தார். பிறகு பணிவாகச் சொன்னார்: "கடைக்காரர் பின்வாங்கினார்னு பில்லுல ஒரு வரி எழுதிடுங்க. ரெண்டு காப்பியிலயும்."

கேப்டன் இரண்டிலும் எழுதினார். அதே சிவப்பு மையில், பேப்பர் கிழிகிற அழுத்தத்தில்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "என்ன சார் பண்ணிட்டீங்க. பதினஞ்சுக்கு வந்துட்டான் சார். எழுவதுக்கு வித்திருப்பேன். ஒங்கள நம்பிக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க."

சார் நூறடி தள்ளி ஒரு டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஊசி இல்லன்னு யாரு சொன்னாங்க உனக்கு?"

"கேப்டன்தான் சொன்னாரு."

"ஊசி எங்க இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நூறு வருஷத்து ரிவால்வரைப் பற்றி அத்தனை படித்திருந்தேன், அது மட்டும் தெரியாது.

"அந்தத் துப்பாக்கியில ஒரே ஒரு கொறதான் தம்பி" என்றார் சார். "அது நல்லா வேல செய்யுது."

டீக்கடைப் பெஞ்சு ஒரு சுற்றுச் சுற்றியது எனக்கு.

"சுத்தியல் நுனியில ஊசி அப்படியே இருக்கு. எண்ண போட்டு வெச்சிருக்கான். குண்டு போட்டா இன்னைக்கே சுடும். லைசென்ஸ் இல்லாம அத வாங்கிட்டு நீ பஸ்ல ஏறியிருந்தின்னா, திங்கக்கெழம உங்கம்மா வீட்டுக்குப் பணம் கட்ட வரமாட்டாங்க. உன்ன ஜாமீன்ல எடுக்க வந்திருப்பாங்க."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே சார்?"

"என்னான்னு சொல்றது? சுடும்னு அவனுக்குத் தெரியாதுன்னா, ஓஹோ சுடுமான்னு வெலய ஏத்துவான். தெரியும்னா, தெரிஞ்சுபோன நம்மள வெளிய விட மாட்டான். பின்னால நின்ன ரெண்டு பேரையும் பாத்தல்ல? வேணாம்னு நீ எழுந்தா அஞ்சாயிரம் போச்சு. அதுவும் உங்கம்மா காசு. அவனே வேணாம்னு சொல்லணும். எனக்கு வேற வழி தெரியல."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஐயாயிரம் இருந்தது. பேங்கில் மிச்சம் இருந்தது. வீடு இருந்தது. அம்மா இருந்தாள். நானும் வெளியில் இருந்தேன். அந்த டீ மாதிரி ஒரு டீயை அப்புறம் நான் குடித்ததே இல்லை.

"ஆனா உங்க கொள்கைய விட்டுட்டீங்களே சார்" என்றேன். "இத்தன வருஷம் பேரமே பேசாதவரு."

சார் டீ டம்ளரையே பார்த்தபடி இருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"கொள்கையெல்லாம் இல்லப்பா. வெக்கம். நாலு பேரு முன்னால கொறைச்சுக் கேக்க எனக்கு வாய் வராது. அதனால ஒரு தடவ கேட்டுட்டு ஓடிடுவேன். அத அவங்க என்னமோன்னு நெனச்சு பயந்துக்கிட்டாங்க. சரி, நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

அன்றைக்கே அவர் தன் முதலாளியிடம் சொல்ல, முதலாளி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல, அடுத்த நாள் மஃப்டியில் இரண்டு பேர் கேப்டன் கடைக்கு ரிவால்வர் வாங்கப் போனார்கள். அவர்கள் பேரம் பேசவில்லை. இழுப்பறையில் ஒரு பாக்கு டப்பாவுக்குள் ஆறு குண்டுகள் இருந்தனவாம். என் ஐயாயிரம் படுத்திருந்த அதே இழுப்பறை. பில் புத்தகத்தில் என் பெயரைப் பார்த்து யார் இந்த ஆள் என்று விசாரித்திருக்கிறார்கள். விற்கவில்லை, பின்வாங்கிவிட்டேன் என்று கேப்டனே தன் கைப்பட, சிவப்பு மையில், பேப்பர் கிழிய எழுதி வைத்திருந்ததால் என்னைத் தேடி யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை போகியப் பணம் கட்டினோம். புது வீட்டில் அம்மா பால் காய்ச்சினாள். சார் வந்து ஒரு காபி குடித்தார், சர்க்கரை கம்மியாக. இன்றுவரை அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. இது அச்சாகி வரும் வாரம் மட்டும் பத்திரிகை போடும் பையனிடம் சொல்லி எங்கள் வீட்டுப் பிரதியை நிறுத்த வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினாரே அந்த பீரோக்காரர், அவர் அடக்கி வைத்ததையெல்லாம் பக்கத்துக் கோழிக் கடையில் போய்க் கொட்டிவிட்டார். ஒரே வாரத்தில் மார்க்கெட் முழுக்கச் செய்தி. சொன்ன விலை சார் பேரம் பேசினாராம். கறிவேப்பிலை கேட்டாராம். பதினோரு வருஷமாக அழுத செருப்புக் கடைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி.

பேரம் பேசுகிற ஆளுக்கு இரண்டு மடங்கு சொல்வதுதான் மார்க்கெட் தர்மம். அப்படியே அவருக்கும் சொன்னார்கள். அவர் குறைத்துக் கேட்பார் என்று காத்திருந்தார்கள். அவரோ வெட்கத்தில் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். விட்டுப்போக ஆரம்பித்தால் மார்க்கெட்டையே அல்லவா விட்டுப்போக வேண்டும்? ஆட்டோக்காரர்கள் மீட்டரைத் துணி போட்டு மூடினார்கள். அவருடைய துணிப்பை வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்ததை நான் ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டதற்கு, "ஒடம்புக்குக் காய் கம்மியா இருந்தா நல்லதாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பையை நான் வாங்கிக்கொண்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கத்தரிக்காயில் ஆரம்பித்து எலுமிச்சம்பழம்வரை ஒன்று விடாமல் பேரம் பேசுவேன். சார் பத்தடி தள்ளி ஒரு தந்திக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, எனக்காகவும் கடைக்காரருக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பாகற்காய்க்கார அம்மா என்னிடம் தோற்றுப்போய், பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கம்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இன்னா சார், இந்தப் புள்ளைய வெச்சு எங்களக் கொல்றீங்க. யாரு சார் இது, சொந்தமா?"

சார் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தை நீட்டினார். காது மடல் மறுபடி சிவந்திருந்தது.

"இல்லம்மா" என்றார். "ஒரு ரிவால்வர் பாக்கப் போனேன், வாங்கல. இது கொசுறு."